ஒரே ஆண்டு, ஆறு புட்டி: 1996 போர்தோ ஒயின்களை நண்பர்களோடு சுவைப்பது எப்படி?

நண்பர்கள் எட்டுப் பேர் ஓர் இரவுச் சாப்பாட்டுக்குக் கூடுகிறீர்கள். மேசையில் பிரான்ஸின் போர்தோ பகுதியிலிருந்து ஆறு புட்டி சிவப்பு ஒயின், ஆறும் வெவ்வேறு தோட்டம், ஆறும் 1996 அறுவடை: வியூ ஷாத்தோ செர்தான், ஃபிஜாக், தொமேன் த ஷெவாலியே, லெயோவில் பார்த்தோன், லான்ஷ்-பாஜ், மோன்ரோஸ். எந்த வரிசையில் ஊற்றுவது, எவ்வளவு நேரம் முன்னால் திறப்பது, என்ன சமைப்பது, ஒரே ஆண்டை இப்படி வரிசையாகக் குடித்துப் பார்ப்பதில் அப்படி என்ன தெரிந்துவிடும் என்பது உங்கள் கேள்வி.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டிரண்டாக ஊற்றுங்கள். ஒவ்வொரு கிளாஸிலும் மூன்றில் ஒரு பங்கைக் கடைசி வரை மிச்சம் வையுங்கள். மதிப்பெண் போட்டு முதலிடம், இரண்டாமிடம் என்று பிரிக்கும் வேலையைச் சாப்பாடு முடிகிற வரை தள்ளிப்போடுங்கள். இத்தனை காலம் புட்டிக்குள் அடைந்து கிடந்த ஒயின் முதல் பத்து நிமிடத்தில் முழுதாக முகம் காட்டாது. அந்தப் பத்து நிமிடத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவதுதான் இப்படிப்பட்ட விருந்துகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு.

இனி விரிவாக. ஒரே ஷாத்தோவின், அதாவது ஒரே ஒயின் தோட்டத்தின், பல ஆண்டுகளை வரிசையாக வைத்தால் அந்தத் தோட்டம் ஒவ்வொரு ஆண்டையும் எப்படிச் சமாளித்தது என்று தெரியும். ஒரே ஆண்டின் பல ஷாத்தோக்களை வைத்தால் தெரிவது வேறு. எல்லோருக்கும் ஒரே வெயில், ஒரே மழை என்றால், மிச்சமிருக்கும் வித்தியாசம் மண்ணுடையது, திராட்சை வகையுடையது, செய்தவர் கையுடையது. ஆனால் அந்த ‘ஒரே மழை’ என்பதே முழு உண்மை இல்லை. அதைப் புரிந்துகொள்ள 1996 மிகப் பொருத்தமான ஆண்டு. தெரிந்து எடுத்தீர்களோ, தற்செயலாக அமைந்ததோ, நல்ல ஆண்டைக் கையில் வைத்திருக்கிறீர்கள்.

போர்தோவின் நில அமைப்பைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தெற்கிலிருந்து காரோன் ஆறும் கிழக்கிலிருந்து தோர்தோன்ய் ஆறும் வந்து சேர்ந்து ஜிரோந்த் என்ற அகன்ற கழிமுகமாகிக் கடலுக்குப் போகின்றன. காரோனுக்கும் ஜிரோந்துக்கும் மேற்கே இருப்பது இடக்கரை. அங்கே ஆறு கொண்டுவந்து கொட்டிய சரளைக்கல் மேடுகள். சரளை தண்ணீரைத் தேக்காது, பகல் வெயிலின் சூட்டையும் பிடித்து வைக்கும். அதனால் தாமதமாகப் பழுக்கும் கேபர்நே சோவின்யோன் என்ற திராட்சை அங்கே பழுத்து வருகிறது. தோர்தோன்யின் வடக்கே சேன்-எமிலியோனும் பொம்ரோலும் இருப்பது வலக்கரை. அங்கே களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் அதிகம், மண் குளிர்ச்சியானது, முன்னதாகப் பழுக்கும் மெர்லோ அங்கே ராஜா. கேபர்நே ஃப்ரான் அதற்குத் துணை. இடக்கரையின் மெதோக் பகுதி ஒரு காலத்தில் பெரும்பாலும் சதுப்பு நிலம். 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர்கள் வாய்க்கால் வெட்டி நீரை வடித்த பிறகுதான் அந்தச் சரளை மேடுகள் பெரிய அளவில் கொடி நட உதவின. நல்ல ஒயினுக்குக் கொடி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று மெதோக்கில் ஒரு பேச்சு வழக்கு உண்டு. மோன்ரோஸின் சரிவில் நின்றால் ஜிரோந்த் அப்படியே கண்முன் விரிந்து கிடக்கும்.

சரி, 1996. அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் மழை கொட்டியது, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. வலக்கரையும் போர்தோ நகரை ஒட்டிய பகுதிகளும் அதிகம் நனைந்தன. மெதோக்கின் வடக்குப் பகுதி, அதாவது சேன்-ஜூலியன், பொயாக், சேன்-எஸ்தெஃப், அந்த அளவுக்கு நனையவில்லை. செப்டம்பரில் பெரும்பாலும் நல்ல வெயில். இரவுகள் குளிர்ந்தன. வறண்ட காற்று வீசிப் பழத்தை உலர்த்தியது. மெர்லோவை இடையில் வந்த மழைக்கு நடுவே பறிக்க வேண்டியிருந்தது. கேபர்நே சோவின்யோனுக்கு அவசரம் இல்லை. அது கொடியிலேயே காத்திருந்து, அக்டோபர் வரை நின்று, நிதானமாகப் பழுத்தது. குளிர்ந்த இரவுகள் புளிப்பைக் காப்பாற்றின. அதனால்தான் 1996 என்றால் வடக்கு மெதோக்கின் ஆண்டு, கேபர்நேயின் ஆண்டு என்ற பெயர். இரண்டே ஆண்டு கழித்து 1998இல் கதை அப்படியே திரும்பியது: மழைக்கு முன்னால் பறிக்கப்பட்ட மெர்லோ அருமையாக வந்தது, பொம்ரோலும் சேன்-எமிலியோனும் கொண்டாடின, கேபர்நே மழையில் மாட்டிக்கொண்டது. ஆக, ஓர் ஆண்டை மொத்தமாக நல்லது, கெட்டது என்று சொல்லும் அட்டவணைகளை நான் நம்புவதில்லை. எந்தக் கரை, எந்தத் திராட்சை என்று கேட்காமல் ஆண்டைப் பற்றிப் பேச முடியாது.

இப்போது உங்கள் ஆறு புட்டிகளைப் பாருங்கள். நல்ல தேர்வு. வியூ ஷாத்தோ செர்தான் பொம்ரோல் மேட்டில், புகழ்பெற்ற பெட்ரூஸ் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1924 முதல் தியென்போன் குடும்பத்தின் கையில். மெர்லோவோடு கேபர்நே ஃப்ரானும் நிறையச் சேருவதால் வழக்கமான பொம்ரோலைவிட மெலிந்த, நறுமணம் கூடிய ஒயின். ஃபிஜாக் சேன்-எமிலியோனில் இருந்தாலும் அதன் மண் சரளை. கேபர்நே சோவின்யோன், கேபர்நே ஃப்ரான், மெர்லோ மூன்றும் ஏறக்குறைய சம பங்காளிகள். வலக்கரையில் வீடு, இடக்கரையில் மனசு என்று சொல்லலாம். 2022இல் அது சேன்-எமிலியோனின் மிக உயர்ந்த தரத்துக்கு ஏறியது. தொமேன் த ஷெவாலியே இடக்கரையில், போர்தோ நகருக்குத் தெற்கே லெயோன்யானில் பைன் காட்டுக்கு நடுவே கிடக்கும் தோட்டம். சத்தமில்லாத ஒயின், புகையும் மண்ணும் கலந்த வாசனை. சேன்-ஜூலியனின் லெயோவில் பார்த்தோன் 1826 முதல் ஒரே குடும்பத்திடம் இருக்கிறது. அதற்கென்று தனி மாளிகை கிடையாது, பக்கத்துச் சொத்தான லாங்கோவாவில்தான் ஒயின் செய்கிறார்கள். லான்ஷ்-பாஜ் பொயாக், மோன்ரோஸ் சேன்-எஸ்தெஃப், ஆற்றோரம்.

தரப் பட்டியல் பற்றி யாராவது பேச்செடுப்பார்கள், அதனால் ஒரு வார்த்தை. 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் போர்தோ தரகர்கள் அப்போதைய விலையை வைத்துப் போட்ட பட்டியல் அது. மெதோக்குக்கு வெளியிலிருந்து சிவப்பில் இடம்பிடித்தது ஓ-பிரியோன் மட்டுமே. முதல் தரத்தில் பின்னால் செய்யப்பட்ட ஒரே மாற்றம் 1973இல் மூத்தோன் ரோத்ஷீல்ட் மேலேறியது. அந்தக் கணக்கில் மோன்ரோஸும் லெயோவில் பார்த்தோனும் இரண்டாம் தரம், லான்ஷ்-பாஜ் ஐந்தாம் தரம். குடித்துப் பார்த்தால் மூன்றுக்கும் நடுவே அவ்வளவு தூரம் தெரியாது. பொம்ரோலுக்கு அதிகாரப்பூர்வ தரப் பட்டியலே இல்லை. விருந்தன்று இந்தப் பேச்சைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தரம் காதில் விழுந்ததும் நாக்கு அதற்கு ஏற்பப் பேச ஆரம்பித்துவிடும்.

இது நான் அனுமானமாகச் சொல்வது இல்லை. போர்தோ பல்கலைக்கழகத்தில் ஃபிரெதெரிக் பிரோஷே உள்ளிட்டோர் செய்து 2001இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு ஒரு வெள்ளை ஒயினையும், அதே ஒயினில் வாசனையில்லாத சிவப்பு நிறம் கலந்ததையும் கொடுத்தார்கள். நிறம் கலந்ததை மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். கண்ணே இந்த அளவுக்கு மூக்கை இழுத்துப் போகிறது என்றால், லேபிளும் பக்கத்தில் இருப்பவர் அபிப்பிராயமும் எவ்வளவு இழுக்கும்! அதனால் புட்டிகளைக் காகிதப் பையில் சுற்றி எண் போடுங்கள். ஒவ்வொரு ஜோடி வந்ததும் ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. ஆளுக்கொரு தாளில் இரண்டு வரி எழுதிய பிறகு பேசலாம். ஆண்டு எல்லோருக்கும் தெரியும் என்பதால் யூகிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: எந்தக் கரை? அந்தக் கேள்வி போதும், அதுவே மனதை ஒயினில் நிறுத்திவிடும்.

ஜோடிகளை இப்படி வைப்பேன். முதலில் செர்தானும் ஃபிஜாக்கும். இரண்டும் வலக்கரை, ஆனால் ஒன்றில் களிமண் அதிகம், மற்றதில் சரளை அதிகம். அதே பக்கத்துக்குள்ளேயே மண் என்ன செய்கிறது என்று தெரியும். இரண்டாவது ஷெவாலியேயும் லெயோவில் பார்த்தோனும். மழை அதிகம் கண்ட தெற்கும், குறைவாகக் கண்ட வடக்கும் பக்கத்தில் பக்கத்தில். கடைசியாக லான்ஷ்-பாஜும் மோன்ரோஸும். கட்டுமஸ்தானவை, இந்த ஆண்டின் பலமே அங்கேதான் இருக்கிறது. அவற்றை முன்னால் ஊற்றினால் பின்னால் வருவது எல்லாம் சோனியாகத் தெரியும்.

அடுத்தது துவர்ப்பு. தமிழில் இதைச் சுவையாகவே கணக்கில் வைத்திருக்கிறோம், அதனால் இதை விளக்குவது நமக்குச் சுலபம். இளம் கேபர்நேயில் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வந்த டானின் நாக்கை இழுத்துப் பிடிக்கும். எச்சிலில் இருக்கும் புரதத்தோடு அது ஒட்டிக்கொள்வதால் வாய் வறண்டதுபோல் ஆகிறது. வருடங்கள் போகப் போக டானினும் நிறமிகளும் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு, ஒரு பகுதி அடியில் மண்டியாகப் படிகிறது. நிறம் கருஞ்சிவப்பிலிருந்து செங்கல் நிறத்துக்கு நகர்கிறது. கிளாஸைச் சாய்த்து வெள்ளைத் துணிமேல் பிடித்தால் விளிம்பில் அது தெரியும். கறுப்புப் பழங்களின் வாசனை பின்வாங்கி, தேவதாரு மரப்பெட்டி, புகையிலை, பென்சில் சீவல், தோல், மழை நனைத்த காட்டு மண், காளான் என்று வேறொரு உலகம் திறக்கிறது. 1996இன் வடக்கு மெதோக்கில் அந்தத் துவர்ப்பின் எலும்புக்கூடு இன்னும் தெரிந்தால் கவலைப்படாதீர்கள். அது குறை இல்லை. வலக்கரை ஜோடியில் அது பெரும்பாலும் கரைந்திருக்கும். கொஞ்சம் பச்சைக் குடைமிளகாய் வாசனை வந்தால் அதுவும் கேபர்நே குடும்பத்தின் இயல்புதான். பழம் முழுதாகப் பழுக்காத இடத்தில் அது தூக்கலாக வரும்.

திறப்பதற்கு வருவோம். இங்கே கவனம் தேவை, அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். விருந்துக்கு இரண்டு, மூன்று நாள் முன்பே புட்டிகளை நிமிர்த்தி வையுங்கள், பக்கவாட்டில் படிந்த மண்டி அடிக்கு இறங்கட்டும். விருந்தன்று அவற்றை இடம் மாற்றி ஆட்டாதீர்கள். புட்டிக்குள் ஒயின் எதுவரை நிற்கிறது என்று பாருங்கள். கழுத்தில் நின்றால் நிம்மதி. தோள்பட்டையின் நடுவுக்குக் கீழே இறங்கியிருந்தால் காற்று உள்ளே போயிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு மாற்றுப் புட்டி கைவசம் இருப்பது நல்லது. பழைய கார்க் உதிரும். சாதாரணத் திருகாணியைக் குத்தி இழுத்தால் பாதி கையோடு வரும், பாதி உள்ளே விழும். இரண்டு மெல்லிய தகடுகளைக் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஆட்டி ஆட்டி இறக்கி, முறுக்கி எடுக்கும் திறப்பான் ஒன்று உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். உடைந்தே போனாலும் பதறாதீர்கள், மெல்லிய சுத்தமான துணியில் வடிகட்டினால் சுவைக்கு ஒன்றும் ஆகாது.

திறந்ததும் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்துப் பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் கார்க் கெட்டுவிட்டது என்று அர்த்தம். அதற்குக் காரணமான டிசிஏ என்ற சேர்மம் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும். காற்றாட வைத்தால் சரியாகிவிடும் என்பது நடக்காத காரியம். நேரம் போகப் போக அது இன்னும் எடுத்துக் காட்டும். நாங்கள் நண்பர்கள் ஏழு பேர் ஒருமுறை இதே ஆண்டை வைத்துச் சுவைத்தபோது ஒரு புட்டி இப்படிப் போனது. எந்தத் தோட்டம் என்பது முக்கியமில்லை, எந்தத் தோட்டத்துக்கும் நடக்கும். அதைக் கீழே கொட்டாமல் ஒரு கிளாஸில் வைத்து எல்லோரும் முகர்ந்து பார்த்தோம். அந்த வாசனையை அன்று கற்றவர்கள் பிறகு மறக்கவே இல்லை. குதிரைலாயம், பழைய சேணம் போன்ற வாசனை வந்தால் அது வேறு விஷயம். பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. கொஞ்சமாக இருந்தால் எனக்குப் பிடிக்கும், எங்கள் கூட்டத்திலேயே இருவருக்கு அது ஆகவே ஆகாது.

அப்புறம் டிகான்ட்டர், அதாவது புட்டியிலிருந்து ஒயினை மாற்றி ஊற்றும் கண்ணாடிக் குடுவை. மண்டியை விட்டுத் தெளிந்ததை இறுத்து எடுப்பது ஒரு வேலை, காற்றாட விடுவது இன்னொரு வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. போர்தோவின் பெரிய ஒயின் அறிஞர் எமில் பெய்னோ, மண்டி இருந்தால் மட்டும், பரிமாறுவதற்குச் சற்று முன்னால் இறுத்தால் போதும் என்ற கட்சி. நீண்ட நேரம் காற்றில் விட்டால் பழைய ஒயினின் நறுமணம் கலைந்துபோகும் என்பது அவர் வாதம். வலக்கரை ஜோடிக்கும் ஷெவாலியேக்கும் நான் அவர் பக்கம்: ஊற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் இறுங்கள். கடைசி ஜோடிக்கு மட்டும் ஒரு மணி நேரம் கொடுப்பேன், 1996 பொயாக்கும் சேன்-எஸ்தெஃபும் அதைத் தாங்கும். புட்டியின் கழுத்துக்குப் பின்னால் ஒரு மெழுகுவர்த்தியோ டார்ச்சோ வைத்துக்கொண்டு நிறுத்தாமல் ஊற்றுங்கள். கறுப்பு இழை ஒன்று கழுத்தை நோக்கி வரும்போது நிறுத்திவிடுங்கள். சூடு 16 டிகிரி செல்சியஸில் தொடங்கட்டும், கிளாஸில் தானாக ஏறும். 20ஐத் தாண்டினால் ஆல்கஹால்தான் முன்னால் வரும்.

750 மில்லிலிட்டரில் மண்டி போக எட்டுப் பேருக்கு ஆளுக்கு 85, 90 மில்லி வரும். ஆறு ஒயினுக்கும் சேர்த்தால் ஒருவருக்கு அரை லிட்டருக்கு மேல், அது குறைவான அளவு இல்லை. துப்புவதற்குப் பாத்திரம் வைப்பதில் வெட்கப்பட வேண்டாம், தண்ணீர் தாராளமாக வையுங்கள், யாரும் வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. ஆளுக்கு ஆறு கிளாஸ், மொத்தம் 48. மிச்சம் வைக்கும் திட்டத்துக்கு அத்தனையும் வேண்டும். கிளாஸ்களை இரவல் வாங்கியாவது சேருங்கள். சோப்பு வாசனை ஒட்டாமல் வெந்நீரில் அலசுங்கள்.

சமையலில் அடக்கம் வேண்டும். இளம் ஒயினுக்குத்தான் கொழுப்பும் புரதமும் நிறைந்த இறைச்சி வேண்டும், அதன் துவர்ப்பை அது தணிக்கும். பழைய ஒயினில் காலமே அந்த வேலையைச் செய்து முடித்துவிட்டது. இனி அதன் மெல்லிய வாசனையை உணவு மிதிக்காமல் இருந்தால் போதும். முதல் ஜோடியோடு வெண்ணெயில் வதக்கிய செப் காளான். போர்தோக்காரர்கள் இலையுதிர்காலத்தில் அதற்காகவே காட்டுக்குப் போவார்கள். அடுத்த இரண்டு ஜோடிகளுக்கும் பொயாக்கின் பால்குடி ஆட்டுக்குட்டி இறைச்சி, உப்பும் கொஞ்சம் பூண்டும் மட்டும் போட்டுச் சுட்டது. அந்தப் பகுதியில் காலங்காலமாகச் சேர்ந்து வரும் ஜோடி இது. போர்தோ பாணி ஆந்த்ரெகோத், அதாவது வெங்காயமும் எலும்பு மஜ்ஜையும் சிவப்பு ஒயினும் சேர்ந்த சாறோடு வரும் மாட்டிறைச்சி, அருமையானது. ஆனால் அதை இளம் ஒயினுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வினிகர், எலுமிச்சை, காரம் மூன்றும் அன்று மேசைக்கு வர வேண்டாம். பாலாடைக்கட்டியில் மணம் தூக்கலானதைத் தவிர்த்து, நன்றாக முதிர்ந்த கொம்தே அல்லது மிமோலெத் வையுங்கள். எல்லாம் முடிந்ததும் சோத்தேர்ன் அரைப் புட்டி ஒன்று கிடைத்தால் நல்லது. சிரோன் சிற்றாற்றின் குளிர்ந்த நீர் காரோனில் கலக்குமிடத்தில் எழும் காலைப் பனியில் பொட்ரைட்டிஸ் பூஞ்சை பிடித்துச் சுருங்கிய திராட்சையின் இனிப்பு ஒயின் அது. அதற்கு ரோக்ஃபோர் பாலாடைக்கட்டி போதும், வேறு இனிப்பு தேவையில்லை.

சோத்தேர்னுக்கு முன்னால் அந்த மிச்ச கிளாஸ்களுக்குத் திரும்புங்கள். காகிதப் பைகளை இன்னும் கழற்றாதீர்கள். முதலில் எழுதிய தாளைத் திருப்பிப் போட்டுவிட்டு, ஆறையும் மறுபடி முகர்ந்து, புதிதாக இரண்டு வரி எழுதுங்கள். எங்கள் விருந்தில் கடைசி ஜோடியில் ஒன்று வந்தபோது கல்லுபோல் இருந்தது. வாசனையே இல்லை, வெறும் துவர்ப்பு. நண்பர் ஒருவர் ‘முடிந்துபோன ஒயின்’ என்று எழுதிக் கீழே கோடும் போட்டுவிட்டார். இறைச்சி முடிந்து, பாலாடைக்கட்டி வந்து, ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் கழித்து அவர்தான் அந்தக் கிளாஸை முதலில் எடுத்தார். முகர்ந்தார், ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். தேவதாரு வாசனை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த எனக்கே வந்தது. பிறகு அவர் தாளைத் திருப்பி, தான் எழுதியதை அடித்துவிட்டு, மிச்சமிருந்த இரண்டு வாயையும் மெதுவாகக் குடித்தார்.